இரும்பு நாய்கள் ஓடும் பாதை

பனி என்று சொன்ன மாத்திரத்தில் தமிழராகிய நம் நினைவுக்கு வருவது, மார்கழி விடியற்காலையில் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியே. அத்துளிக்கும், இமயத்தை மூடிக் கிடக்கும் வெண்பனிக்கும் நாம் ஒரே சொல்லை வழங்கி வருகிறோம். பின்னதைக் கண்ணால் காணும் வாய்ப்பு நம் முன்னோரில் மிகச் சிலர்க்கே கிட்டியது. வடநாட்டில் குடியேறி வாழும் நம் சங்கத்துக் குடும்பங்களில் சிம்லாவுக்கும் குல்மார்க்குக்கும் சென்று வந்தோர் பலர் உளர். அவர்களும் பனியை உருட்டி எறிந்து, படம் எடுத்துக்கொண்டு, விரல் மரத்துப்போனவுடன் கணப்புள்ள அறையைத் தேடி ஓடி வந்திருப்பர். அத்தகைய பனியில், சாலையும் விளக்கும் இல்லாத வெட்டவெளியில், ஈராயிரம் மைல் தொலைவு மோட்டார் வண்டி ஓட்டிப் பந்தயமிடும் மனிதர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள அலாஸ்கா மாநிலத்தில் ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் நடைபெறும் அப்பந்தயத்திற்கு 'அயர்ன் டாக்' என்று பெயர். இரும்பு நாய் என்பது அதன் பொருள். உலகில் ஸ்னோமொபைல் வண்டிகளுக்கென நடைபெறும் பந்தயங்களுள் மிக நீண்டவற்றில் ஒன்று என்று அதனைக் கூறுவர்.

வேலையற்ற செல்வர்களின் வேடிக்கை இது என்று அன்பர்கள் எண்ணக்கூடும். ஆயினும் இதன் வரலாற்றைப் பின்னோக்கித் தேடிச் சென்றால், ஒரு குழந்தையின் மரணமும், ஓர் ஊரைச் சூழ்ந்த கொள்ளைநோயும், ஓர் உயிரினம் வழக்கொழிந்து போகுமோ என்ற அச்சமும் நம் முன் வந்து நிற்கின்றன.

முதற்கண் வண்டியைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ஸ்னோமொபைல் என்பதற்குச் சக்கரம் கிடையாது. முன்புறம் இரண்டு சறுக்குக் கட்டைகள், அவற்றைத் திருப்புதற்கு ஸ்கூட்டரில் உள்ளது போன்ற கைப்பிடி, நடுவில் என்ஜின், அதன்மேல் குதிரைச் சேணம்போல் ஓர் ஆசனம், அடியில் இடைவிடாது சுழலும் அகன்ற ரப்பர்ப் பட்டை, இவ்வளவே. டாங்கியின் சங்கிலிப் பட்டையைப் பார்த்தவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். சக்கரமானால் பனியில் புதைந்து நின்றுவிடும். பட்டையோ எடையைப் பரப்பிக்கொண்டு மேலே மிதந்து செல்லும். சியாச்சின் பனிமலையில் காவல் புரியும் நம் வீரர்களும் 'ஸ்னோ ஸ்கூட்டர்' என்ற பெயரில் இவ்வண்டியைப் பயன்படுத்துகின்றனர்.

இவ்வண்டியைச் செய்தவர் ஒருவர் அல்லர். 1924-ஆம் ஆண்டிலேயே விஸ்கான்சின் மாநிலத்தில் கார்ல் எலியாசன் என்பவர் சறுக்குப் பலகையில் மோட்டார் பொருத்தி ஓட்டினார். எனினும் இதற்கு உயிர் கொடுத்தவர் என்று போற்றத்தக்கவர் கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் வால்கூர் என்னும் சிற்றூரில் மோட்டார்ப் பட்டறை நடத்திவந்த ஜோசப் அர்மான் பம்பார்டியர் ஆவார். 1907-இல் பிறந்த இவர், தமது பதினைந்தாம் வயதில் பழைய போர்டு கார் என்ஜினைச் சறுக்குவண்டியில் ஏற்றி, விமானத்துக்கு உள்ளது போன்ற விசிறியைப் பின்னால் கட்டிப் பனியில் ஓட்டிக் காட்டினார். வீட்டாருக்கு அது விபரீத விளையாட்டாகவே தோன்றிற்று.

1934-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் இவோன் குடல்வால் அழற்சியால் துடித்தான். மருத்துவமனை எட்டாத தொலைவில் இல்லை; ஆனால் சாலை முழுவதையும் பனி மூடியிருந்தது. அக்காலத்தில் அப்பகுதி மக்கள் குளிர்காலம் வந்தால் மோட்டார் வண்டிகளைக் கொட்டகையில் ஏற்றிவைத்துவிட்டுக் குதிரைகளையே நம்பியிருந்தனர். குழந்தையை உரிய காலத்தில் கொண்டுசேர்க்க வழியின்றிப்போயிற்று, அவன் இறந்தான். பனியில் ஓடும் வண்டி செய்வதில் ஆண்டுக்கணக்கில் முயன்று வந்த ஒரு தந்தையின் கண்முன்னே, அத்தகைய வண்டி இல்லாத ஒரே காரணத்தால் மகன் மாண்டான். இதற்குமேல் இதனைப் பற்றி எழுத எமக்கு மனம் வரவில்லை.

பல்சக்கரமும் ரப்பர்ப் பட்டையும் சேர்ந்து இயங்கும் முறைக்கு அவர் 1937-இல் காப்புரிமை பெற்றார். எழுவர் அமரும் மூடிய பனிவண்டி முதலிலும், பன்னிருவர் அமரும் வண்டி அடுத்தும் வெளிவந்தன. மருத்துவர்கள் அதில் சென்றனர். பள்ளிப் பிள்ளைகளும் தபால் மூட்டைகளும் நோயாளிகளும் அதில் ஏறினர். இந்நிலையில் 1948-இல் க்யூபெக் அரசாங்கம் குளிர்காலத்திலும் சாலைகளில் பனி நீக்கப்படவேண்டும் என்று சட்டம் செய்தது. நாட்டுக்கு நன்மை; பம்பார்டியரின் வியாபாரத்துக்கோ பேரிடி. ஓராண்டில் விற்பனை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆகவே, சாலையே இல்லாத இடங்களுக்கு ஏற்ற ஒருவர் அல்லது இருவர் செல்லும் சிறு வண்டியை நோக்கி அவர் கருத்துச் சென்றது. மாதிரி வண்டி ஒன்றை, வடக்கு ஒன்டாரியோவில் பழங்குடி மக்களிடையே பணிபுரிந்த பாதிரியார் ஒருவருக்கு 1958-இல் கொண்டுபோய்க் கொடுத்துச் சோதித்தார். 1959-இல் அது 'ஸ்கி-டூ' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1964-இல் அவர் காலமானார்.

டெல்லியில் வாழும் நம் அன்பர்களுக்கு ஒரு செய்தி. 1970-க்குப் பின் எண்ணெய் விலையேற்றத்தால் பனிவண்டி வியாபாரம் சரிந்தபோது, அந்நிறுவனம் மாண்ட்ரியால் நகரின் சுரங்க ரயிலுக்குப் பெட்டிகள் செய்யும் ஒப்பந்தத்தை 1974-இல் பெற்று ரயில் தொழிலில் இறங்கிற்று. அதன் கிளை பிற்காலத்தில் குஜராத் மாநிலம் சாவ்லியில் ஆலை அமைத்து, டெல்லி மெட்ரோவுக்குப் பெட்டிகள் செய்து கொடுத்தது. 2021-இல் அந்த ரயில் பகுதி ஆல்ஸ்டம் நிறுவனத்தின் கைக்கு மாறிவிட்டது. எனினும் மெட்ரோவில் அலுவலகம் செல்லும் நம்மவர் பலர், வால்கூர் பட்டறையின் வழித்தோன்றலில் ஏறியே சென்று வருகின்றனர். ரயில்வேயில் காலந்தள்ளும் எமக்கு இச்செய்தி மிகவும் சுவையாகத் தோன்றியதால் இங்கே சொல்லி வைத்தோம்.

இனி, நெடுந்தூர ஓட்டத்திற்கு வருவோம்.

கனடா எல்லையை ஒட்டி, மின்னசோட்டா மாநிலத்தில் ரோசோ என்றொரு சிறு நகரம் உள்ளது. அங்கே உழவுக்கருவிகள் செய்துவந்த பட்டறையின் தலைவர் எட்கர் ஹெட்டீன். அவர் ஊரில் இல்லாத சமயம், பங்காளியான டேவிட் ஜான்சனும் மற்றவர்களும் கைக்குக் கிடைத்த இரும்பைக் கொண்டு ஒரு பனிவண்டியைச் செய்துவிட்டனர். திரும்பி வந்த ஹெட்டீன் மகிழவில்லை. காலமும் பொருளும் வீணாயின என்று கடிந்துகொண்டார். சம்பளம் கொடுக்கப் பணமில்லாத நெருக்கடியில் அவ்வண்டி 1956-இல் 465 டாலருக்கு விற்கப்பட்டது. வாங்கியவரைப் பார்த்து மற்றவரும் கேட்கத் தொடங்கினர். இன்று உலகெங்கும் அறியப்படும் போலாரிஸ் நிறுவனத்தின் பனிவண்டித் தொழில் இவ்வாறு தொடங்கிற்று.

ஊருக்குள் ஓடும் வண்டியை எவரும் பொருட்படுத்தமாட்டார்கள் என்பதை ஹெட்டீன் உணர்ந்தார். 1960 மார்ச் மாதத்தில், ஒரு பெண்மணி உட்பட மூன்று துணைவருடன், அலாஸ்காவின் மேற்குப் பகுதியிலுள்ள பெத்தேல் என்னும் ஊரிலிருந்து உள்நாட்டு நகரமான பேர்பாங்க்ஸ் வரை பனிவண்டிகளில் புறப்பட்டார். ஆயிரம் மைலுக்கும் மேற்பட்ட வழி. உறைந்த ஆறுகளே சாலை; இடையிடையே உள்ள பழங்குடிச் சிற்றூர்களே தங்குமிடம். ஏறக்குறைய மூன்று வாரத்தில் அவர்கள் போய்ச் சேர்ந்தனர். பந்தயம் அல்ல அது. எதிரே ஓடுவார் எவரும் இலர். ஆயினும் பின்னாளில் வந்த நெடும்பந்தயங்களுக்கெல்லாம் அதுவே முன்னோடி என்பது எம் கருத்து. பத்திரிகைகள் பாராட்டின. ஆனால் சொந்த ஊரிலோ, நிறுவனத்தின் காசில் ஊர் சுற்றிவிட்டு வந்தார் என்ற முணுமுணுப்பே அவரை வரவேற்றது. மனம் கசந்த ஹெட்டீன் தாம் வளர்த்த நிறுவனத்தை விட்டு விலகி, அருகிலுள்ள தீஃப் ரிவர் ஃபால்ஸ் என்னும் ஊரில் வேறொரு நிறுவனத்தைத் தொடங்கினார். 'ஆர்க்டிக் கேட்' என்று பின்னர்ப் பெயர்பெற்ற பனிவண்டி அங்கே பிறந்ததுதான். முணுமுணுத்தவர்களுக்கு ஒரு போட்டியாளர் கிடைத்தார்.

அதே மின்னசோட்டாவின் தலைநகர் செயின்ட் பால். 'சைபீரியாவைப் போன்ற ஊர், குளிர்காலத்தில் மனிதர் வாழத் தகாது' என்ற பொருள்பட நியூயார்க் பத்திரிகையாளர் ஒருவர் எழுதிவிட்டார் என்று ரோஷம் கொண்டு, அவ்வூரார் 1886 முதல் குளிர்கால விழா எடுக்கலாயினர். அவ்விழா இடையில் நின்றுபோய், கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் தலைவர் லூயிஸ் ஹில் என்பவரால் மீண்டும் உயிர்பெற்றது. 1917-இல், கனடாவின் வின்னிபெக் நகரிலிருந்து செயின்ட் பால் வரை, சுமார் 500 மைல் தொலைவுக்கு, நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிப் பந்தயம் அவருடைய ஆதரவில் நடந்தது. ஆல்பர்ட் கேம்ப்பெல் என்னும் கனடா நாட்டு மேட்டி இனத்தவர் வென்றார். ஆனால் மக்கள் கூட்டம் ஆரவாரித்து எதிர்கொண்டது, தலைநாயை இழந்தும் மனந்தளராமல் கடைசியாக வந்து சேர்ந்த பிரெட் ஹார்ட்மன் என்பவரை! கடைசியில் வந்தவருக்கு மாலையிடும் வழக்கம் நம் ஊர் ஜல்லிக்கட்டிலோ ரேக்ளா பந்தயத்திலோ உண்டா என்று எமக்குத் தெரிந்தவரை எண்ணிப் பார்த்தோம், இல்லை.

ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1966-இல், அதே குளிர்கால விழாவையொட்டி, அதே இரு நகரங்களுக்கிடையே, நாய்களுக்குப் பதிலாக ஸ்னோமொபைல்கள் ஓடின. நெடுஞ்சாலையோரத்துப் பள்ளங்களில் குவிந்த பனியே பாதை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், அம்மாநிலத்து இன்ஷ்யூரன்ஸ் வியாபாரி ரால்ஃப் பிளெய்ஸ்டெட், 1968 ஏப்ரலில் ஸ்கி-டூ வண்டிகளிலேயே வட துருவத்தை எட்டினார். இவ்வளவு செய்தபின் வண்டியின் வல்லமையை எவரும் ஐயுறவில்லை. ஆனால் இவ்வண்டிக்கு 'இரும்பு நாய்' என்ற பெயர் வழங்கிய நாடு அலாஸ்கா. அங்கே நாய்க்கு இருந்த மதிப்பை அறிந்தாலன்றி அப்பெயரின் கனம் விளங்காது.

அலாஸ்கா பரப்பில் நம் இந்தியாவில் பாதிக்கும் சற்று மேற்பட்டது. மக்கள் தொகையோ எட்டு லட்சத்துக்கும் குறைவு. 1867-இல் ருஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு அமெரிக்கா விலைக்கு வாங்கிய இந்நிலம் 1959-இல் 49-ஆவது மாநிலமாயிற்று. கடலோர நகரமான செவார்டிலிருந்து பேர்பாங்க்ஸ் வரை 470 மைல் நீளமுள்ள ரயில்பாதை 1923-இல் நிறைவுற்றது. மேற்குப் பகுதிக்கு அன்றும் ரயில் இல்லை, சாலை இல்லை, இன்றும் அவ்வாறே. பேரிங் கடற்கரையில் உள்ள நோம் என்னும் ஊருக்குக் கோடையில் கப்பலும், குளிர்காலத்தில் நாய்வண்டியுமே அக்காலத்தில் கதி.

1925 ஜனவரியில் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவிக் குழந்தைகள் இறக்கத் தொடங்கினர். ஊருக்கு ஒரே மருத்துவர், கர்ட்டிஸ் வெல்ச். கையிலிருந்த சீரம் மருந்தோ காலாவதியாகியிருந்தது. கடல் உறைந்து கிடந்தது. அக்காலத்து விமானங்கள் அக்குளிரில் பறக்க இயலா. ஆங்கரேஜ் நகர மருத்துவமனையில் மூன்று லட்சம் அலகு சீரம் இருப்பதாகத் தெரியவந்தது. அதனைச் சிப்பமாகக் கட்டி ரயிலில் ஏற்றி நெனானா என்னும் நிலையம் வரை அனுப்பினர். அங்கிருந்து நோம் வரை 674 மைல். தபால் செல்வதற்கு வழக்கமாக ஏறத்தாழ 25 நாள் பிடிக்கும் வழி.

ஜனவரி 27 இரவு, நெனானா நிலையத்தில் ரயிலிலிருந்து சிப்பத்தைப் பெற்றுக்கொண்டு ஷானன் என்பவர் நாய்களை விரட்டிப் புறப்பட்டார். பாரன்ஹீட் அளவில் பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரிக் குளிர். அவர் முகம் பனியால் வெந்து கருத்தது. நாய்கள் சில மாண்டன. அடுத்தவர் கைக்கு மருந்து மாறிற்று. இவ்வாறு இருபது பேர், பெரும்பாலோர் அந்நாட்டுப் பழங்குடியினர், ஒருவர்பின் ஒருவராகக் கொண்டுசென்றனர். லியோன்ஹார்ட் செப்பாலா என்பவர் டோகோ என்னும் தலைநாயை நம்பி, உடைந்துவிடக்கூடிய கடற்பனியின்மேல் இரவில் கடந்தார். கடைசிக் கட்டத்தில் குன்னர் காசன், பால்டோ என்னும் நாய் முன்செல்ல, பிப்ரவரி 2 விடியற்காலையில் நோம் சேர்ந்தார். மொத்தம் ஐந்தரை நாளுக்கும் குறைவு. பால்டோவுக்கு அவ்வாண்டே நியூயார்க் நகரப் பூங்காவில் சிலை எழுப்பினர். மிக நீண்ட, மிக அபாயமான பகுதியைக் கடந்த டோகோவின் புகழ் வெகுகாலம் மறைந்து கிடந்தது. கடைசி ஓட்டக்காரனுக்கே பத்திரிகைப் புகழ் சேர்வது எந்நாட்டிலும் உள்ளதுதான்.

அத்தகைய நாய்கள்தாம், 1960-ஐ அடுத்த ஆண்டுகளில், ஊர் ஊராக மறையத் தொடங்கின. ஸ்னோமொபைல் வந்துசேர்ந்தது. நாய்க்கூட்டத்துக்கு ஆண்டு முழுதும் மீன் பிடித்து, உலர்த்தி, நாள்தோறும் ஊட்டவேண்டும். வண்டிக்கு ஓடும்பொழுது மட்டும் பெட்ரோல் ஊற்றினால் போதும். வேட்டைக்கு இரண்டு நாளில் சென்ற இடத்துக்கு அரை நாளில் செல்லலாம். ஏழை வேட்டுவன் இதனை விரும்பியதில் வியப்பென்ன? அலாஸ்காவில் நாய்வண்டித் தபால் சேவையும் 1963-இல் முடிவுற்றது. முதியவர்கள் மட்டும் முணுமுணுத்தனர். பனிப்புயலில் கண் தெரியாதபோது நாய் மோப்பத்தால் வழி காணும். மெல்லிய பனியைக் கண்டால் நின்றுவிடும். இரவில் பக்கத்தில் படுத்தால் உடம்புக்குச் சூடு தரும். என்ஜின் நின்றுபோனால் இரும்புத்துண்டு. இரு கட்சியிலும் நியாயம் இருப்பதாகவே எமக்குத் தோன்றுகிறது.

ஜோ ரெடிங்டன் என்பவர் மேற்கு அலாஸ்காவின் சிற்றூர்களுக்குச் சென்றபோது, முன்பு வீடுதோறும் கட்டியிருந்த நாய்களைக் காணாமல் திகைத்தார். நாய்களும், தங்கச் சுரங்கக் காலத்தில் இடிடராட் என்னும் ஊர் வழியே நோம் சென்ற பழம்பாதையும் ஒருங்கே அழியும் என்று அஞ்சினார். அவருடைய விடாமுயற்சியால் 1973-இல் நோம் வரை சுமார் ஆயிரம் மைல் நாய்வண்டிப் பந்தயம் நடந்தது. 34 பேர் புறப்பட்டு 22 பேர் முடித்தனர். வென்றவர்க்கு ஏறத்தாழ 20 நாள் பிடித்தது. 1978-இல் அப்பாதை தேசிய வரலாற்றுப் பாதையாக அறிவிக்கப்பட்டது. இரும்பு நாய்க்கு எதிராக எழுந்த முயற்சி அது என்பதை மறவாதிருக்க வேண்டும்.

ஏனெனில், 1984-இல், அதே பாதையில் இரும்பு நாய்களே பந்தயத்துக்கு வந்துவிட்டன! ஆங்கரேஜுக்கு வடக்கே உள்ள பிக் லேக் என்னும் ஏரிக்கரையிலிருந்து நோம் வரை அம்முதற் பந்தயம் நடந்தது. பின்னர்ப் பாதை நோம் நகரோடு நில்லாமல் திரும்பி நீண்டது. பல ஆண்டுகள் பேர்பாங்க்ஸ் நகரில் முடிவுற்றது. தொலைவும் 2,000 மைல் அளவுக்கு வளர்ந்து, அண்மை ஆண்டுகளில் அதனையும் கடந்துவிட்டது. கன்னியாகுமரியிலிருந்து டெல்லி சென்று, அதற்கு அப்பாலும் போகும் தொலைவு.

இப்பந்தயத்தின் விதிகளுள் எம் உள்ளத்தைக் கவர்ந்தது ஒன்று. இதில் தனியாள் ஓடமுடியாது. ஒரு குழு என்றால் இருவர், இரண்டு வண்டிகள். இருவரும் சேர்ந்தே ஒவ்வொரு நிலையத்தையும் கடக்கவேண்டும். ஒருவன் எவ்வளவு விரைவாக வந்தாலும் கூட்டாளி வரும்வரை அவன் காலம் ஓடிக்கொண்டே இருக்கும். ரயிலில் டிரைவருக்குப் பக்கத்தில் துணை டிரைவர் அமர்ந்து ஒவ்வொரு சிக்னலையும் வாய்விட்டுச் சொல்லக் கேட்டிருக்கும் எமக்கு இதன் நியாயம் உடனே விளங்கிற்று. ஊருக்கும் ஊருக்கும் இடையே உதவிக்கு வர ஒருவருமில்லாத வெளியில், பழுதுபட்ட வண்டியோடு தனித்து நிற்பவன் சில மணி நேரத்தில் உறைந்துபோவான். ஆகவே படுக்கைப் பை முதலிய உயிர்காப்புப் பொருள்களை உடன் கொண்டு செல்வதும் கட்டாயம். நிலையந்தோறும் வந்த நேரமும் புறப்பட்ட நேரமும் குறிக்கப்படுகின்றன. இடையில் கட்டாய ஓய்வும் உண்டு.

பாதையைச் சற்றுப் பின்தொடர்வோம். ஏரியைக் கடந்து ஆற்றுப்பனி வழியாக ஸ்க்வென்ட்னா. பின்பு அலாஸ்கா மலைத்தொடரை ஏறி ரெய்னி கணவாய். அங்கிருந்து குறுகிய மலையிடுக்கில் இறக்கம். அதன் பின் ஃபேர்வெல் என்னும் பகுதி. 1977-இல் பெருங்காட்டுத்தீ எரித்த இடம். காற்றுப் பனியை வாரிக்கொண்டு போய்விடுவதால் அடிமரக் கட்டைகளும் வெறுந்தரையுமாகக் கிடக்கும். அமெரிக்கக் காட்டெருமைகளும் அங்கே உலவும். மக்ராத் கடந்து, யூகான் பேராற்றின் உறைந்த முதுகில் ரூபி, கலேனா, கால்டாக். அங்கே ஆறு மிக அகன்றது; வண்டிகள் மணிக்கு நூறு மைலுக்கும் மேல் பறக்கும். கால்டாக்கிலிருந்து மேற்கே திரும்பி, கடற்கரையில் உனலக்லீட். பின் கடலோரமாகவும் கடற்பனியின் மேலும் நோம்.

குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிவரை இறங்குவது அரிதன்று. அந்த ஓர் இடத்தில் பாரன்ஹீட்டும் சென்டிகிரேடும் ஒன்றே. அக்குளிரில் நூறு மைல் வேகக் காற்று முகத்தில் பட்டால் தோல் விரைவில் உறையும். ஆதலின் ஓட்டிகள் பெட்டி ஒட்டும் பட்டையைப் போன்ற ஒட்டுத்துணியைக் கன்னத்திலும் மூக்கிலும் ஒட்டிக்கொள்கின்றனர். குளிரைவிடக் கொடியது மறைநீர். ஆற்றுப்பனியின் மேல் கீழிருந்து நீர் கசிந்து பரவி, அதன்மேல் புதுப்பனி போர்த்துக் கிடக்கும். வெள்ளைச் சமவெளி என்று எண்ணி ஓட்டினால் வண்டி நீரில் அமிழும். நனைந்த உடை சில நிமிடத்தில் கல்லாகும். அத்தருணத்தில் பின்னே வரும் கூட்டாளியின் கயிறுதான் உயிர்.

கூட்டாளி என்றால் என்ன என்பதற்கு 2008-ஆம் ஆண்டுப் பந்தயம் ஓர் எடுத்துக்காட்டு. டாட் பேலின் என்பவர் அதற்கு முன் 1995, 2000, 2002, 2007 ஆகிய ஆண்டுகளில் வென்றவர். அவர் மனைவி சாரா பேலின் அப்போது அலாஸ்காவின் கவர்னர். அவ்வாண்டே அமெரிக்கத் துணை ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டவர். முடிவெல்லைக்குச் சுமார் 400 மைல் இருக்கும்போது, பேலின் வண்டியிலிருந்து 70 அடி தூரம் தூக்கியெறியப்பட்டார். கை முறிந்தது. பலமுறை இப்பந்தயத்தை வென்ற ஸ்காட் டேவிஸ் அவருக்குத் துணைவர். முன்னே போய்விட்டால் அவருக்கும் வெற்றி இல்லை, விதி அப்படி. முறிந்த கையோடு பேலினும், அவரை விட்டகலாமல் டேவிஸும் எஞ்சிய தொலைவைக் கடந்து நான்காவதாக வந்து சேர்ந்தனர். கவர்னரின் கணவர் என்பதால் பனி அவருக்குச் சலுகை காட்டவில்லை.

இருவர் சேர்ந்தோடும் இவ்விதி அலாஸ்காவோடு நிற்கவில்லை. கனடாவின் கிழக்குக் கோடியில் லாப்ரடார் என்னும் நிலம் உள்ளது. 1534-இல் அக்கரையைக் கண்ட பிரெஞ்சு மாலுமி ஜாக் கார்த்தியே, தம்பியைக் கொன்ற பாவி காயீனுக்குக் கடவுள் ஒதுக்கிய பூமி இதுவே போலும் என்று எழுதி வைத்தார். அப்பழிச்சொல்லையே பெயராகச் சூட்டி, 'கெய்ன்ஸ் குவெஸ்ட்' என்ற ஸ்னோமொபைல் பந்தயத்தை லாப்ரடார் மக்கள் 2006 முதல் நடத்திவருகின்றனர். 3,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழி. அங்கும் இருவர் கொண்ட குழுக்களே. சைபீரியா என்று பழித்தவருக்கு விழா எடுத்து விடை சொன்ன செயின்ட் பால் மக்களின் ரோஷத்தை இதிலும் காண்கிறோம்.

பருவம் மாறிவருவதால் பனியே நிச்சயமில்லாத நிலை இப்போது ஏற்பட்டுள்ளது. 2003, 2015, 2017 ஆகிய ஆண்டுகளில், தெற்கே போதிய பனியின்றி, நாய்வண்டிப் பந்தயத்தின் தொடக்கத்தையே பேர்பாங்க்ஸுக்கு மாற்றவேண்டியதாயிற்று. வண்டிக்கும் நாய்க்கும் இதில் வேறுபாடில்லை.

இரண்டுக்கும் இடையே இருந்த பகையும் இப்போது அவ்வளவாக இல்லை. இரும்பு நாய்கள் பிப்ரவரியில் ஓடி முடிக்கின்றன. மார்ச் முதல் சனிக்கிழமை உயிருள்ள நாய்கள் புறப்படுகின்றன. முன்சென்ற வண்டிகளின் பட்டைகள் பனியை மிதித்து இறுக்கியிருப்பதால் நாய்களின் கால் புதைவதில்லை. அதுவும் போதாதென்று, ரெடிங்டன் தொடங்கிய பந்தயத்தாரே, நாய்களுக்கு முன்பாக வழி திறந்து குச்சி நட்டுச் செல்வதற்கென்று தனியே ஆட்களை அனுப்புகின்றனர். அவர்கள் ஏறிச் செல்வது ஸ்னோமொபைல்.